பத்து ப்ளை டயர்

"டிரெய்லருக்கு ஒரு டயர் வேணும் அண்ணாத்தே."

வெடித்துப் போன டயரை உருட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் சாய்த்து வைத்தான் அப்பாவு.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் ஜெயராமன், விலையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார். லோடு தெரியாமல் அவர் ஒரு டயரையும் விற்றதில்லை. லோடு கூடினால் டயரில் ப்ளையும், அதாவது உள்ளே இருக்கும் நூல் அடுக்கும், கூட வேண்டும்.

"இன்னா ஏத்துவே?"

அப்பாவு கடைக்குள் பார்த்தான். பெஞ்சில் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வைக்கோல்தான்."

"வைக்கோலுக்கு ஆறு ப்ளை போதும்" என்று எழுந்த ஜெயராமன், பழைய டயரைப் பார்த்ததும் குனிந்தார். பக்கவாட்டில் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. தரையைப் பிடிக்கும் பட்டன்களுக்கு நடுவே மண் அப்பியிருந்தது. ஒரு விரலால் நோண்டி மோந்து பார்த்தார்.

"இது செம்பரம்பாக்கம் ஏரி மண்ணு. மூணு டன்னாவது ஏத்திகினு கரை ஏறியிருக்கே. வைக்கோல் ஏத்துற டயரு இப்படியா வெடிக்கும்?"

அப்பாவு தலையைச் சொறிந்தான். "மண்ணுதான் அண்ணாத்தே."

ஜெயராமனுக்குச் சுருதி சேர்ந்துவிட்டது. தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடை அது. பெஞ்சைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"கேட்டீங்களா? ஊரே குடத்தைத் தூக்கிகினு தண்ணி லாரி பின்னாடி ஓடுது. இவன் ஏரியை வெட்டி வித்துகினு கீறான். மண்ணுக்குத் தோதா பத்து ப்ளை டயரு உள்ள நாலு கீது. இவனுக்கு ஒண்ணுகூடத் தர மாட்டேன்."

"சர்தான் நைனா" என்றார் பெஞ்சில் ஒருவர்.

"இவனைச் சொல்லி இன்னா ஆவப்போவுது? வாங்குறானே, அவனைச் சொல்லணும். மண்ணு எங்கேந்து வருதுன்னு ஒரு வார்த்தை கேக்க வேணாம்?"

அப்பாவு வேறு யாரையோ அவர் திட்டுகிற மாதிரி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பஸ் வந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு ஓடினார்கள்.

"இன்னும் இன்னாத்துக்கு நிக்கிறே?" பேசித் தீர்த்ததில் ஜெயராமனின் குரல் தணிந்திருந்தது.

அப்பாவு கிட்டே வந்தான்.

"வண்டி மாங்காட்ல லோடோட ஜாக்கி மேல நிக்குது. ஊடு கட்டுற மனைக்கு அடி ரொப்பணும்னு மேஸ்திரி சொன்ன கடைசி லோடு. அந்த ஊட்டு அக்காதான், 'எங்க ஊட்டுக்காரரு கடையிலியே டயரு வாங்கிக்கோ'ன்னு அனுப்பிச்சாங்க. கஸ்தூரி அக்கா."

ஜெயராமன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மண் மலிவாகக் கிடைக்கிறது என்று மேஸ்திரி வந்து சொன்னபோது, "சீக்கிரம் அடி" என்று சொன்னவர் அவர்தான்.

பிறகு உள்ளே போய், பத்து ப்ளை டயர் ஒன்றைத் தானே உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஏம்பா, இதை வந்ததும் சொல்றதுக்கு இன்னா?"

"மூணு பேரு குந்திகினு இருந்தாங்களே அண்ணாத்தே" என்றான் அப்பாவு. "உங்க பேரு கெட்டுப்பூடும்ல?"