நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து

"நானூத்திப் பன்னெண்டு கையெழுத்து சார். ஊர்ல ஒரே ஒரு ஆளுதான் போடலை" என்று நோட்டை நீட்டினாள் வனிதா.

"யாரு?"

"ஷேர் ஆட்டோ ஓட்டுற அடைக்கலம். அறந்தாங்கிக்குக் காலை பஸ் நிரந்தரமா வந்துட்டா அவரு பொழப்பு போயிருமாம்."

வசந்தகுமார் புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்தார். இம்மாதிரி கோரிக்கைகளில் மக்கள் எவ்வளவு பங்கெடுக்கிறார்கள் என்று அளப்பது அவர் வேலை. அதற்கென்று ஒன்பது பக்கப் படிவம் வைத்திருந்தார்.

ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்று விட்ட பஸ். இன்று கடைசி நாள். தினம் முப்பது பேராவது ஏறியிருந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் பஸ்ஸோடு தன் மகள் அருணாவின் காலேஜும் நின்றுவிடும் என்பது வனிதாவின் கவலை.

நோட்டில் பதினெட்டுப் பெயர்களுக்கு எதிரே துபாய், கத்தார் என்று இருந்தது. எப்படி என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கு நாந்தான் போட்டேன். லீவுல வந்தா ஏறுவாருல்ல" என்றாள் பக்கத்தில் நின்ற மூக்காயி.

வசந்தகுமார் அதற்கான கட்டத்தைப் படிவத்தில் தேடினார். இல்லை.

பஸ் வந்தது. கண்டக்டர் பீட்டர் இறங்கி மாதக் கணக்கைச் சொன்னார். பெண்களுக்கான இலவச டிக்கெட்டும் சேர்த்து, தினம் முப்பத்து நாலு பேர். வனிதாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"கையெழுத்துப் போட்டவங்க பரவாயில்லையே" என்றார் வசந்தகுமார்.

பீட்டர் சிரித்தார். "அவங்கள்ல பாதிப் பேரு பைக்குல என்னை முந்திட்டுப் போறாங்க சார். இங்க ஏறுறது பன்னெண்டு பேருதான். மிச்சம் கிழக்குக் குடியிருப்பு ஆளுங்க. அங்கிருந்து பஸ் நிக்கிற விலக்கு ரோட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர். ஒருத்தரு தினமும் ரெண்டு நடையா ஆட்டோவுல கொண்டாந்து ஏத்திவிடுறாரு. காசு வாங்குறதில்லை. பின்னாடி காலியா வாராரு பாருங்க."

பஸ்ஸுக்குப் பின்னால் அடைக்கலத்தின் ஆட்டோ வந்து நின்றது.

உங்க ஆட்டோ ஓடுறதுக்காக எம்மக படிக்காம இருக்கணுமா என்று போன மாதம் நாலு பேர் முன்னால் அவரைக் கேட்டவள் வனிதா. இப்போது மெதுவாகப் போய் நின்றாள்.

"ஏண்ணே, அப்ப கையெழுத்து மட்டும் ஏன் போடலை?"

"அறந்தாங்கி ஆட்டோ ஸ்டாண்டுல எல்லாருக்கும் வாக்குக் குடுத்துட்டேன் ஆத்தா, கையெழுத்துப் போட மாட்டேன்னு." அடைக்கலம் வண்டியைத் திருப்பினார். "ஏத்திவிட மாட்டேன்னு யாருகிட்டயும் சொல்லலையே."