கிட்டார் நின்ற இடம்

"அந்த இடத்துல ஏன் நிறுத்தினீங்க?"

மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் பெரியவர் ஒருவர் அம்மாவிடம் கேட்டார்.

"தந்தி அறுந்துடுச்சு" என்றாள் அம்மா, கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

ஷெஃபீல்டில் ஒரு பப்பின் மாடியறையில் அம்மா கிட்டார் வாசித்ததை அப்படியே பதிவு செய்த இசைத்தட்டு அது. ஸ்டுடியோவில் சுத்தமாக வாசித்த ப்ளூஸ் தட்டுகளும் அவளுக்கு உண்டு. அவற்றை யாரும் தேடுவதில்லை. இதில் கண்ணாடிக் குவளைகள் மோதும் சத்தம் கேட்கும். யாரோ இருமுவார். ஒருவன் பாட்டுக்கு நடுவே இன்னொரு பீர் கேட்பான். கேட்டால் தாங்களும் அந்தக் கூட்டத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள்.

கடைசிப் பாட்டில், மெதுவாக ஏறிக்கொண்டே போகும் கிட்டார் சட்டென்று நின்றுவிடும். டிரம்ஸ் மட்டும் தடுமாறியபடி போகும். கூட்டம் கப்சிப். பிறகு ஒரே ஒரு சுரம், மிக மெல்ல.

அங்கே அழுதுவிட்டதாகச் சொல்லாத ரசிகர் இல்லை.

தட்டு இப்போது மறுபடி வெளியாகியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம், இசைத்தட்டுக் கடையில் அம்மாவுக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உறைகளைப் பிரித்துக் கொடுத்தேன்.

அடுத்தவரும் அதையேதான் கேட்டார். குடிகாரன் ஒருவன் மேடையில் வந்து விழுந்தான் என்றாள் அம்மா.

"ஏம்மா ஆளுக்கொரு கதை விடுற?" என்றேன், அவர் நகர்ந்ததும்.

"மழையில வரிசையில நிக்கிறாங்க பாவம். ஆளுக்கு ஒண்ணு குடுக்க வேணாமா?"

பிறகு வந்த பெண்ணின் வயிறு மேசையில் இடித்தது. நிறைமாதம். தன் பெயர் ஜெம்மா என்றாள். தட்டில் அதை எழுதச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி அதே கேள்வியைக் கேட்டாள்.

அம்மா பேனாவை மூடினாள். அந்த வயிற்றையே பார்த்தாள்.

"உள்ள புள்ள அசைஞ்சுது, கண்ணு. முதல் தடவை. கை ஓடல."

ஜெம்மா அழவில்லை. தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, "அப்போ இந்தத் தட்டுல நீங்களும் இருக்கீங்க!" என்றாள்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

"ஆமா, நாந்தான்" என்றேன். "அப்பவே வேலை செய்ய விடல."

ஜெம்மா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். அடுத்தவர் தன் தட்டை நீட்டினார். அம்மா பேனாவைத் திறக்கப் பார்த்தாள், மூடி வரவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

அந்தக் கச்சேரி நடந்தபோது அம்மாவுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவை அவள் இன்னும் பார்த்திருக்கவே இல்லை. நான் பிறந்தது அதற்கு ஆறு வருஷம் கழித்து.

வீட்டில் நான் ஒரே பிள்ளை.