நிற்கும் படம்

மறைந்த நீதிபதி சிங்காரவடிவேலுவின் படத்தை, அவர் தீர்ப்புச் சொன்ன அறையிலேயே திறந்து வைத்தார்கள். கறுப்பு அங்கியோடு அவர் நிற்கிற ஆளுயரப் படம். மௌன அஞ்சலி முடிந்தும் வக்கீல்கள் ஒருவரும் உட்காரவில்லை. அந்த அறையை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கும் அவர் மனைவி யோகாம்பாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏன் தம்பி, எல்லாரும் நின்னுட்டே இருக்கீங்க?"

பக்கத்திலிருந்த வக்கீல் கூச்சத்தோடு சொன்னார்: "ஐயா உட்காராம நாங்க எப்படிம்மா உட்கார்றது? பழகிப்போச்சு."

யோகாம்பாள் படத்தை அண்ணாந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் வழக்கு நினைப்பிலேயே கூடத்தில் இப்படித்தான் நிற்பார். அவள்தான் கூப்பிட வேண்டும். இப்போதும் படத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்:

"போதும், வந்து உட்காருங்க. காப்பி ஆறுது."

அவளுக்குப் பின்னால் நாற்காலிகள் ஒருசேரக் கிறீச்சிட்டன. அவள் மட்டும் உட்காராமல், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.