ஒடுங்கிய தகரம்

நாராயணப்பனின் காரியம் முடிந்த மறுநாளே, அவர் மனைவியான தன் தங்கையை அழைத்துப்போக எல்லப்பன் பாகலூரிலிருந்து ஜவளகிரிக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெங்கடம்மாள் சாமான்களை வாசலில் அடுக்கித் தயாராக நின்றாள்.

"அடம் பிடிப்பியோன்னு பயந்தேம்மா" என்றார் நிம்மதியாக.

காட்டோரக் கரம்பை முதன்முதலாக உழுதவர் நாராயணப்பன். அங்கேயே குடிசை போட்டு, ராத்திரியெல்லாம் தகரம் தட்டி யானைகளை விரட்டி ராகி விளைவித்தார். அந்தத் துணிச்சலில்தான் இன்னும் நாலு குடும்பங்கள் பக்கத்தில் ஏர் பூட்டின. வெங்கடம்மாள் மட்டும் யானைக்குப் பயந்து கடைசிவரை ஊரிலேயே இருந்துவிட்டாள். காய்ச்சலில் அவர் கண் மூடியது அந்தக் குடிசையில்தான்.

"ராகி கதிர் பிடிச்சிருக்குண்ணா."

"போனா போவுது. அந்தக் காடு ஒரு ஆளைத் தின்னது போதும். ஆமா, இந்த ஒடுங்கின தகரம் பாகலூர்ல எதுக்கு? தூக்கிப் போடு."

"இருக்கட்டும்ணா."

தெருமுனையில் பக்கத்து நிலத்து நஞ்சம்மா வண்டியை மறித்தாள்.

"இத்தனை நாளா உங்க ராகிக்கும் நாங்களே காவல் இருந்தோம். நீயே போயிட்டா, நாங்களும் விட்டுட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான்க்கா."

எல்லப்பன் மாடுகளைப் பாகலூர்ப் பாதையில் திருப்பினார்.

"அந்தப் பக்கம் இல்லண்ணா. காட்டுப் பக்கம் ஓட்டு."

"அவரு இருந்தப்பவே அங்க போகாதவ, இப்பவா போகப்போற?"

"அப்ப யானைய விரட்ட அவரு இருந்தாரு. இப்ப யாரு இருக்கா?"

சொல்லிக்கொண்டே தகரத்தை மடியில் வைத்து ஓங்கித் தட்டினாள். மாடுகள் மிரண்டன.

நஞ்சம்மா தன் வீட்டுத் தகரத்தை எடுக்க ஓடினாள்.