கோல்கீப்பரின் இடது கண்

"தம்பி கடைக்குப் புதுசு," என்றார் சபாநாயகர், நாற்காலியில் உட்கார்ந்தவரின் தலையில் கை வைத்ததுமே. "ஒரு தலையில ஒரு தடவை கை வச்சேன்னா, இருபது வருஷம் ஆனாலும் எனக்கு மறக்காது."

"ஆமாண்ணே. முதல் தடவை," என்றார் வந்தவர். பத்துப் பன்னிரண்டு நாள் தாடி. ஷேவிங் மட்டும் போதுமாம்.

சலூன்காரருக்குச் சபாநாயகர் என்று பெயர் வைத்ததே வாடிக்கையாளர்கள்தான். நிஜ சபாநாயகராவது மற்றவர்களைக் கொஞ்சம் பேச விடுவார். இவர் அதுவும் கிடையாது. கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் எதிர்த்துப் பேசப்போகிறார்கள்?

நுரை போட்டுக்கொண்டே டிவியைப் பார்த்தார். ஓர் அமைச்சர் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். தலைக்குப் புது டை. அப்படியென்றால் ஆறு மாதத்தில் தேர்தல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு சேனலை மாற்றினார். அங்கே எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். எட்டில் ஒருத்தனுக்காவது ரெண்டு கிருதாவும் சமமாக இருக்கிறதா பாருங்கள், இவனெல்லாம் நாட்டைத் திருத்த வந்துவிட்டான் என்றார்.

டிவி நியூஸ் அத்தனையும் புளுகு. பேப்பர் மட்டும்தான் நம்பலாம், அதிலும் ஒரே ஒரு பேப்பர்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பேப்பரில் அவர் வந்திருந்தார்.

அந்தச் செய்தியைக் கத்தரித்துக் கண்ணாடி ஓரத்தில் டேப் போட்டு ஒட்டியிருந்தார். மேலே ஊர் ஃபுட்பால் டீமின் கோல்கீப்பர் படம். மழமழவென்று சவரம் செய்த முகம், தாடையில் ஒரு குழி. கீழே, 'கோல்கீப்பருக்கு இடது கண் தெரியவில்லை! பல வருடமாக முடி வெட்டுபவர் தகவல்.' பேர் போடவில்லை. அந்தக் குறையை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அவரே தீர்த்துக்கொண்டார்.

நடந்தது இவ்வளவுதான். செமிஃபைனலில் ஊர் டீம் ஜெயித்துவிட்டது. ஆனால் மூன்று கோல் விழுந்தது, மூன்றும் இடது பக்கம். மறுநாள் முடி வெட்ட வந்தவர் பத்திரிகைக்காரர் என்று தெரிந்ததும் சபாநாயகருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அவனுக்கு இடது கண் அவுட்டு என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். நம்ம கஸ்டமர்தானே, தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுத்தான் கண்ணாடி பார்ப்பான் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தார்.

கோல்கீப்பர் இந்தக் கடைப் படியைக்கூட மிதித்ததில்லை.

ஆனால் அச்சில் பார்த்ததும், அது அவருக்கே உண்மையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. இப்போதெல்லாம் கோல்கீப்பர் எந்த நாற்காலியில் உட்காருவார் என்றுகூடச் சொல்லுவார்.

டிவியில் விளையாட்டுச் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். கண் டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தும் கோல்கீப்பரைச் சேர்க்கவில்லை. ஊரே அவர் கண்ணைப் பற்றிப் பேசுகிறது, ரிஸ்க் எடுக்க முடியாது என்றார் கோச்.

"சர்டிபிகேட்டாம் சர்டிபிகேட்!" சபாநாயகருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டாக்டர் அஞ்சு நிமிஷம் பார்த்திருப்பார். நான் எத்தனை வருஷமா பார்க்கிறேன்! இதே நாற்காலிதான் தம்பி."

நாற்காலியில் இருந்தவர் தாடையைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தார்.

வலது கன்னம் முடிந்து கத்தி தாடைக்கு இறங்கியது. நுரையோடு தாடியை வழித்ததும் அங்கே ஒரு குழி தெரிந்தது. குழிக்குள் முடி தங்கிவிடும், தோலை இழுத்துப் பிடித்துத்தான் எடுக்கவேண்டும். எடுத்தார். சரியாக வந்திருக்கிறதா என்று கண்ணாடியைப் பார்த்தார்.

கண்ணாடியில் ஒரே முகம் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று நாற்காலியில். இன்னொன்று டேப்புக்கு அடியில்.

சபாநாயகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தியைச் சட்டென்று எடுத்துவிட்டார். மனசு பதறும்போது கத்தி தோலில் இருக்கக் கூடாது, தொழிலுக்கு வந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அது.

ஐயையோ. உள்ளுக்குள் அதைத் தவிர வேறு வார்த்தையே வரவில்லை. தம்பி கடைக்குப் புதுசு என்று சொன்னது யார்? தலையில் கை வைத்தால் மறக்காது என்றது யார்? பெஞ்சில் இரண்டு பேர் சாட்சிக்கு வேறு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மனுஷன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு, அவன் கழுத்துப் பக்கத்திலேயே நின்றுகொண்டு சிரித்திருக்கிறோமே!

பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சபாநாயகர் பேசாமல் நிற்பதை அவர்கள் பார்த்ததே இல்லை.

"மிச்சத்தையும் முடிங்கண்ணே," என்றார் கோல்கீப்பர்.

குரலில் கோபமே இல்லை.

எப்படி முடித்தார் என்று அவருக்கே தெரியாது. முகத்தைத் துடைத்துவிட்டுத் துண்டை உருவினார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். "தம்பி..." என்பதோடு நின்றுவிட்டது.

கோல்கீப்பர் எழுந்திருக்கவில்லை. வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கண்ணாடியை நேராகப் பார்த்தார். தலையைக் கொஞ்சமும் சாய்க்கவில்லை.

"இடது காதுக்குக் கீழ ஒரு முடி விட்டுப்போச்சுண்ணே."

சபாநாயகர் குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. டிராயரைத் திறந்து, இதுவரை யார் முன்னாலும் போடாத மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் குனிந்தார்.

இருந்தது. ஒரே ஒரு முடி.