பதினோராவது உறுமல்

கடைசிப் பாட்டு முடிந்துவிட்டது. கோதண்டம் ஹெட்போனைக் கழற்றவில்லை.

உள்ளே ஒன்றும் ஓடவில்லை. வெறும் அமைதி. அதையும் பாட்டைப் போலவே கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்தால் எதிரே எட்வின் இருப்பார். பதில் கேட்பார்.

எட்வின் 'பாடை' இசைக்குழுவின் பாடகர். பாடகர் என்பது ஒரு மரியாதைக்குத்தான். சாவைப் பற்றியே முழங்கும் டெத் மெட்டல் இசையில் யாரும் பாடுவதில்லை. அடித்தொண்டையிலிருந்து உறுமுவார்கள். பெரம்பூரில் முப்பது வருஷமாக உறுமுகிற ஒரே ஆள் எட்வின்.

முதல் ஆல்பம் ஒலிப்பதிவானபோது பக்கத்துத் தெருவில் மூன்று நாள் பால் திரிந்தது என்பார்கள். கோதண்டம் அந்த மாதிரிக் கதைகளை நம்புகிறவர் இல்லை. இரண்டு நாள்தான்.

இரண்டாவது ஆல்பத்திலிருந்து அவர் மதிப்புரை எழுத ஆரம்பித்தார். பாடைக்குச் சரிவும் அங்கிருந்துதான் ஆரம்பம். வயதான குழுக்கள் எல்லாவற்றுக்கும் வருகிற வியாதி அது. வேகம் இருக்கும், வெறி இருக்காது. நான்காவது ஆல்பத்தை நனைந்த அட்டைப்பெட்டி என்று எழுதினார். ஏழாவதைத் தொட்டில் பிள்ளைகளுக்குப் பரிந்துரைத்தார். பத்தாவதுக்கு இரண்டே வரி. இரண்டாவது வரி அனுதாபம்.

'நன்றாக இருக்கிறது' என்று ஒரு முறைகூட எழுதியதில்லை. பொய் எழுதியதுமில்லை.

ஆனாலும் எந்த ஆல்பமானாலும் வெளிவருவதற்கு முன் எட்வின் இந்த மாடியறைக்குத்தான் எடுத்து வருவார். எதிரே உட்கார்ந்து இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். திட்டு வாங்கிக்கொண்டு போவார். ஊரே புகழ்ந்தாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவருக்கு இந்த ஒரு வாயிலிருந்து வரவேண்டும்.

இது பதினோராவது.

போன வருஷம் ஒத்திகை நடுவில் எட்வினின் குரல் திடீரென்று இறங்கியது. கிணற்றில் இறங்கி, கிணற்றுக்கும் கீழே போனது. வேறு வீடுகளில் குரல் இப்படி மாறினால் டாக்டரிடம் ஓடுவார்கள்.

பாடைக்காரர்கள் பிரியாணி வாங்கிக் கொண்டாடினார்கள்.

அந்தப் பிரியாணியே தொண்டையில் இறங்காமல் போனபிறகுதான் ஆஸ்பத்திரி.

குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். உடனே. எடுத்தால் ஆள் பிழைக்கலாம், குரல் கிடையாது. தள்ளிப்போட்டால் இரண்டும் கிடையாது.

இன்று மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கியதும் எட்வின் சொன்னது இதுதான்.

"கேட்டுட்டு நீயே சொல்லு கோதண்டம். நல்லா இருந்துச்சுன்னா இன்னொரு ஆல்பம் போட்டுட்டு அப்புறமா கத்திக்குப் படுக்கறேன். குப்பைன்னா நாளைக்கே அட்மிட் ஆயிடறேன்."

கோதண்டம் கேட்டார். வழக்கம்போல் இடையில் நிறுத்தாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல்.

முதல் பாட்டிலேயே தெரிந்துபோயிற்று.

கிட்டார் மரம் அறுத்தது. டிரம்ஸ் முதுகெலும்பில் ஏறி இறங்கியது. அதெல்லாம் கிடக்கட்டும். அந்த உறுமல். இத்தனை வருஷமாக எட்வின் சாவை மிரட்டிக்கொண்டிருந்தார். இதில் அதோடு பேசிக்கொண்டிருந்தார்.

நான்காவது பாட்டில், கோதண்டத்தின் செத்துப்போன மைத்துனர் வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். பாட்டு முடியும்வரை கேட்டுவிட்டு எழுந்து போனார். உயிரோடு இருந்தபோது அவருக்கு இந்த இசையே ஆகாது.

கோதண்டம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார். எட்வின் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரியும்.

எந்த நாட்டுக் குழுவிடமிருந்தும் அவர் இப்படி ஒரு பதினோராவது ஆல்பத்தைக் கேட்டதில்லை.

ஹெட்போனைக் கழற்றினார்.

எட்வின் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணில் மட்டும் பசி.

வெறுமனே குப்பை என்றால் இந்த ஆள் நம்பமாட்டார். இடம் சுட்டித் திட்டவேண்டும்.

"டிரம்ஸ் தகர டப்பா. மூணாவது பாட்டு, உங்க ரெண்டாவது ஆல்பத்துலேர்ந்து நீங்களே திருடினது. அஞ்சாவது எதுக்குன்னே தெரியல."

"குரலு?"

கோதண்டம் ஜன்னல் பக்கம் திரும்பினார். தெருவில் ஒருவன் தள்ளுவண்டியில் தர்பூசணி விற்றுக்கொண்டு போனான். அவன் முனை திரும்பும்வரை பார்த்தார்.

"எருமைக்கு ஜலதோஷம் புடிச்ச மாதிரி இருக்குடா."



எட்வின் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது.

"பாவி. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கியாடா நீ?"

"இருந்தா சொல்லமாட்டேனா?"

எட்வின் தலையாட்டினார். அது நியாயம்தான் என்பதுபோல் இன்னொரு முறையும் ஆட்டினார். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். கதவருகில் போய் நின்றார்.

"அப்ப காலைல போய்ப் படுத்துடறேன். நீ வந்துடு."

தரைக்கு அடியிலிருந்து வந்தது அந்தக் குரல். ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. கீழ்வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தது. கோதண்டத்துக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.

காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.

"என்னது?"

எட்வின் திரும்பவும் சொன்னார்.

"கேக்கலடா," என்றார் கோதண்டம். "இன்னொரு தடவ சொல்லு."