ஒரு கிள்ளு வெல்லம்

தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு அப்துல் கனி பின்வாசலுக்கு நடந்தான்.

“இந்த எழவு இனிமே வீட்டுல இருக்கக்கூடாது. சாக்கடையில கொட்டிட்டு வரேன்.”

டப்பாவில் இருந்தது கொயினா மாத்திரை. ஜப்பான்காரன் வந்த பிறகு மலாயாவின் கிள்ளானில் தங்கம் கிடைத்தாலும் கொயினா கிடைக்காது. மூடிக் கிடந்த தன் துணிக்கடையில் மிஞ்சியிருந்த ஒரே கட்டுத் துணியைக் கொடுத்துத்தான் அதை வாங்கி வந்தான். அவன் மனைவி முத்து பீவி பாயில் மலேரியாவோடு கிடந்தாள். முழுகாமல் மூன்று மாதம்.

நேற்று கலைந்துவிட்டது.

கொயினா கருவைக் கரைத்துவிடும் என்று தெருவே சொன்னது. கனி காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் மஃரிப் தொழுதுவிட்டு வந்து, தன் கையாலேயே மாத்திரையை அவள் வாயில் போடுவான். அவள் முகம் கோணுவதைப் பார்க்கச் சகிக்காது. உடனே அலமாரிப் பக்கம் திரும்பி ஒரு கிள்ளு வெல்லம் தேடுவான். மரவள்ளிக்கிழங்குக்கே வழியில்லாத நாளில் அதை எங்கே பிடித்தானோ!

பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாக நேற்றிலிருந்து மருகுகிறான். வாய்விட்டு அழக்கூடத் தெரியாத மனுஷன், பாவம்.

காலையில் வந்த நர்ஸ் மார்க்கிரட் வேறு மாதிரி சொன்னாள். யாழ்ப்பாணத்துக்காரி. பெண்கள் விஷயம் என்று கனி வாசலிலேயே நின்றுவிட்டான்.

“கொயினா கலைக்காது பிள்ளை, காய்ச்சல்தான் கலைச்சது. மருந்து குடிச்சும் ஏன் காய்ச்சல் விடேல்லை எண்டுதான் எனக்கு விளங்கேல்லை.”

முத்து பீவிக்கு விளங்கியது. அப்படியே செத்துவிடலாம் போலிருந்தது.

சொல்லாமலே இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

கனி தாழ்ப்பாளில் கை வைத்தான். அவன் தோள் குலுங்கியது.

“கொட்டாதீங்க. இங்க வாங்க.”

தலையணையின் தையலைப் பிரித்து உதறினாள். பஞ்சோடு பஞ்சாக மாத்திரைகள் பாயில் உதிர்ந்தன. ஓரம் கரைந்த மாத்திரைகள்.

பிள்ளை நிலைக்கவேண்டுமே என்று, அவன் வெல்லத்துக்குத் திரும்பிய போதெல்லாம் நாக்குக்கு அடியிலிருந்து எடுத்து ஒளித்தவை. ஒன்றைக்கூட அவள் விழுங்கியிருக்கவில்லை.

கனி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபப்படுவான் என்று நினைத்தாள். கோபப்பட்டால் தேவலை என்றும் இருந்தது.

அவன் பாயில் உட்கார்ந்தான். கொதிக்கும் அவள் நெற்றியில் கை வைத்தான். பிறகு டப்பாவைத் திறந்து, ஒரு மாத்திரை எடுத்து அவள் வாயில் போட்டான்.

தண்ணீர் குடித்து விழுங்கினாள். அவன் நம்பவேண்டுமே என்று வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

அவன் பார்க்கவில்லை. அலமாரிப் பக்கம் திரும்பி வெல்லம் தேடிக்கொண்டிருந்தான்.